போஸ்ட் அறுபத்து மூன்று

யானையைக் கண்டு பயந்துவிட்டேன் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. எனக்கு வாய் நீளம் என்று தோட்டமே சொல்லும். சொல்ல வேண்டிய அந்த ஒன்றை மட்டும் இந்த வாய் பதினெட்டு நாளாகச் சொல்லவில்லை.

ஜோகூரில் காஹாங் என்ற ஊரிலிருந்து உள்ளே போனால் வருகிற, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தில்தான் எங்களுக்கு வேலை. காட்டை ஒட்டிய எல்லையில் ஒன்பது கிலோமீட்டருக்கு மின்வேலி போட்டிருக்கிறார்கள், யானை உள்ளே வராமல் இருக்க. தொட்டால் யானை சாகாது. ஆனால் இன்னொரு தடவை தொடாது. அந்த வேலியில் மின்சாரம் ஓடுகிறதா என்று தினமும் காலையில் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்ப்பதுதான் என் வேலை. போஸ்ட் 9, 18, 27 என்று ஒன்பது ஒன்பதாகத் தாண்டி ஏழு இடத்தில் நிற்க வேண்டும். கடைசி இடம் போஸ்ட் 63. அது பாயா என்று நாங்கள் சொல்லும் சதுப்புக்குப் பக்கத்தில், ஆள் நடமாட்டமே இல்லாத மூலையில் இருக்கிறது. டெஸ்டரைக் கம்பியில் மாட்டினால் எண் காட்டும். ஏழுக்குப் பக்கத்தில் இருந்தால் வேலி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். போஸ்டில் தொங்கும் தகரத் தட்டும் டெஸ்டரின் எண்ணும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு படம் எடுக்க வேண்டும். அதற்கென்றே ஆபீசில் மஞ்சள் நிறக் கேமரா ஒன்று கொடுத்திருக்கிறார்கள், மழையில் நனைந்தாலும் கெடாதது.

இந்த வேலையை நான் சண்டை போட்டு வாங்கினேன். சின்ன மேனேஜர் ரேமண்ட், "காட்டோரம் தனியா போவணும் யோகேஸ், பொம்பளைங்களுக்கு சரிப்படாது" என்றார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லாரும் நிற்கும்போது நான் கேட்டேன்: "ஏன் சார், யானை ஆம்பளையா பொம்பளையான்னு பாத்துட்டுத்தான் மிதிக்குமா?" கூட்டம் சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் கேமராவை என் கையில் கொடுத்தார். மூன்று வருடம் ஒரு நாள்கூடத் தவறாமல் போனேன். அந்தத் திமிரோடுதான் இந்தத் தோட்டத்தில் நடமாடினேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. போஸ்ட் 63-இல் குனிந்து டெஸ்டரை மாட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது. நிமிர்ந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம், இரண்டு முழ தூரத்தில் நின்றது. இவ்வளவு பெரிய உடம்பு ஒரு சருகுச் சத்தம்கூட இல்லாமல் எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு காது ஓரத்தில் கிழிந்திருந்தது. கண்ணிமை மயிர்கூடத் தெரிந்தது. டெஸ்டரில் 7.1 காட்டியது. கம்பியில் உயிர் இருக்கிறது, அது என்னைத் தொட முடியாது என்று புத்திக்குத் தெரிந்தது. உடம்புக்குத் தெரியவில்லை. நின்ற இடத்திலேயே எனக்குச் சிறுநீர் போய்விட்டது. நாற்பத்து மூன்று வயதுப் பொம்பளை நான்.

அது திரும்பிப் போய்விட்டது. நான் வாய்க்கால் தண்ணீரில் பாவாடையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மழையில் நனைந்துவிட்டேன் என்று மகனிடம் சொன்னேன்.

மறுநாள் போஸ்ட் 54 வரைக்கும் போனேன். அதற்கு மேல் மோட்டார் போகவில்லை, அதாவது நான் போகவிடவில்லை. நாளைக்குப் போகலாம் என்று திரும்பினேன். அடுத்த நாளும் அதேதான். ஒவ்வொரு நாளும் 54-இல் நின்று அந்தப் பக்கம் பார்ப்பேன், நாளைக்கு என்று சொல்லிக்கொள்வேன். ஆறு படத்தோடு திரும்பிவிடுவேன். இப்படியே பதினாலு நாள் போனது.

பதினைந்து நாளைக்கு ஒரு தடவை படங்களை ஆபீசில் கொடுக்க வேண்டும். பதினாலாவது நாள் ஞாயிறு மத்தியானம், ஸ்டோரில் கிடந்த பழைய தகரத்தை வெட்டி, வெள்ளைப் பெயின்ட்டில் 63 என்று எழுதினேன். போஸ்ட் 54-க்குப் போய், அங்கே இருந்த தட்டைக் கழற்றிவிட்டு இதை மாட்டினேன். கேமராவில் தேதியை மாற்றினேன். ஒரு படம் எடுத்தேன். மறுபடியும் தேதியை மாற்றி இன்னொன்று எடுத்தேன். கொஞ்சம் தள்ளி நின்று, கொஞ்சம் சாய்த்து, ஒரு தடவை கம்பியில் தண்ணீர் தெளித்து மழை நாள் மாதிரி என்று பதினாலு நாளுக்குப் பதினாலு படம். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. அன்றைக்கு எனக்கு என்மேலேயே ஒரு மெச்சுதல்கூட இருந்தது. கேமராவின் தேதியை ஏமாற்றத் தெரிந்த ஆள் இந்தத் தோட்டத்தில் நான் ஒருத்திதானே.

ஆனால் கேமரா தேதியை மட்டும் வைத்துக்கொண்டிருக்கவில்லை. அது எனக்குப் புதன்கிழமைதான் தெரிந்தது.

அன்று ஆபீசில் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற கிராணி, அதாவது எழுத்தர், லோஷினி சொன்னாள்: "யோகேஸக்கா, நாளைக்கு ஜோகூர் பாருலேர்ந்து ஆடிட்டுக்கு ஆள் வராங்க. வேலிப் படம் எல்லாம் ஒரிஜினல் பைல் வேணுமாம்."

"அதான் குடுத்துட்டேனே."

"ஆமா, இங்க இருக்கு. பாருங்க." திரையில் பட்டியலைத் திறந்தாள். தேதிவாரியாக வரிசையாக நின்றன. முதல் நாளில் 4401, 4402, 4403 என்று 4406 வரைக்கும் ஆறு படம். ஏழாவது படம் 4485. இரண்டாம் நாள் 4407-இல் தொடங்கி 4412. ஏழாவது 4486. மூன்றாம் நாளின் ஏழாவது 4487. இப்படியே போய்ப் பதினாலாம் நாள் 4498-இல் முடிந்தது.

நான் மூன்று வருடமாக அந்த எண்ணைப் பார்த்ததே இல்லை. தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. கேமரா தன் பாட்டுக்கு ஒவ்வொரு படத்துக்கும் அடுத்த எண்ணைக் கொடுத்துக்கொண்டே போயிருக்கிறது. தேதியை நான் முன்னும் பின்னும் தள்ளினேன், எண் தள்ளவில்லை. பதினாலு படமும் ஒரே மூச்சில் எடுத்தது என்று பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"லோஷினி, இந்தப் பேரை மாத்த முடியுமா? வரிசையா இருந்தா பாக்க அழகா இருக்கும்."

"மாத்தலாமே. ரைட் கிளிக் பண்ணி ரீநேம் குடுங்க. எனக்கு பேங்குக்குப் போவணும், நீங்களே செய்றீங்களா?"

நானே செய்தேன். 4485-ஐ 4407 ஆக்கினால், இரண்டாம் நாளின் முதல் படம் 4408 ஆக வேண்டும், அதற்கடுத்தது 4409. தொண்ணூற்றெட்டுப் படத்தில் முதல் ஆறையும் கடைசி ஒன்றையும் தவிர மிச்சம் எல்லாவற்றுக்கும் பேர் மாற்றினேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. முடித்துவிட்டு நிமிர்ந்தபோது பட்டியல் சுத்தமாக இருந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

வியாழக்கிழமை பெரட்டில் ரேமண்ட் சொன்னார்: "பத்தொம்போதாம் நம்பர் பிளாக்ல உதிரிப் பழம் அழுவிப் போய்க் கெடக்கு. பொறுக்குறவங்க ஆறு பேரும் இன்னிக்கு அங்க போங்க."

பத்தொன்பதாம் பிளாக் என்றால் போஸ்ட் 63-ஐ ஒட்டிய இடம்.

உதிரி பொறுக்குகிற ஆறு பேருமே பெண்கள். நாலு தமிழ், இரண்டு இந்தோனேசியா. அவர்களில் மூத்தவர் செல்லம். ஐம்பத்தெட்டு வயது, இடது முட்டியில் வலி. என் பக்கத்து வீடு. என் மகன் பிறந்தபோது மூன்று மாதம் எனக்குப் பத்தியச் சோறு ஆக்கிப் போட்டவர். அவர்தான் முன்னால் வந்து சொன்னார்: "சின்னதொரை, அந்தப் பக்கம் யானை சுத்துதுன்னு பேசிக்கிறாங்க. எங்களுக்குப் பயமா இருக்கு. வேற பிளாக் குடுங்க."

ரேமண்ட் கைபேசியை எடுத்தார். என் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். "இங்க பாருங்கம்மா. ரெண்டு வாரமா ஒரு நாள் தவறாம வேலி நல்லா இருக்கு. யோகேஸ் தனியா போய்ட்டு வராங்க. நீங்க ஆறு பேர் போறீங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். செல்லம் கேட்டார்: "நெசமாவா யோகேஸ்? அங்க தெனமும் போறியா? ஒனக்கு பயமா இல்ல?"

போகவில்லை என்று தலையை ஆட்டியிருந்தால் போதும். பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் இன்னும் நல்லது. நான் சிரித்தேன். "என்ன செல்லக்கா, சின்னப் புள்ள மாதிரி. ஒங்க சைசப் பாத்தா யானைதான் பயந்து ஓடும்."

பெரட்டே சிரித்தது. லாரி ஓட்டுகிறவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். செல்லத்தின் முகம் சுண்டிப்போனது. கோணிகளை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "யோகேஸே போவுதுன்னா நமக்கென்ன, ஏறுங்க" என்று மற்றவர்களைக் கூப்பிட்டார். லாரி போய்விட்டது. கம்பியில் மின்சாரம் இருக்கும், ஏன் இல்லாமல் போகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போஸ்ட் 54-இல் நன்றாகத்தானே காட்டுகிறது.

ஒன்பது மணிக்கு ஆடிட்டுக்கு வந்த பெண் என்னைக் கூப்பிட்டாள். அபிகெயில் என்று பெயர். இருபத்தேழு வயதிருக்கும், கழுத்தில் சின்னச் சிலுவை, சேறு படாத சப்பாத்து. வாயைத் திறந்தால் அக்கா என்றுதான் பேசினாள். என் படங்களைத் தன் மடிக்கணினியில் திறந்து வைத்திருந்தாள்.

"அக்கா, பைல் பேரெல்லாம் நீங்க மாத்துனீங்களா?"

"ஆமா. வரிசையா வெச்சேன். தப்பா?"

"பேர் மாத்தலாம். ஆனா படத்துக்குள்ள கேமரா இன்னொரு நம்பர் எழுதி வெச்சிருக்கும். அது ஷட்டர் எத்தனாவது தடவை தொறந்து மூடுச்சுங்கற கணக்கு. பைல் நம்பர் 9999 வந்ததும் திரும்ப ஒன்னுக்குப் போயிரும். இந்தக் கணக்கு திரும்பாது. நீங்க படத்த அழிச்சாலும் கொறையாது." திரையை என் பக்கம் திருப்பினாள். "மொத நாள் காலைல எடுத்த ஆறாவது படம் பதினாலாயிரத்து நானூத்தி அஞ்சு. அன்னிக்கே எடுத்த போஸ்ட் 63 படம் பதினாலாயிரத்து நானூத்தி எண்பத்து நாலு. நடுவுல எழுபத்தெட்டு படம் எங்க?"

பயம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும், சின்ன வயதிலிருந்து அப்படித்தான். "ஏம்மா, நான் என்ன திருடியா? ஏசி ரூம்ல ஒக்காந்துக்கிட்டு நம்பர் கேக்குற. அந்தச் சேத்துல ஒரு நாள் வந்து நின்னு பாரு, அப்பறம் பேசு."

அவள் முகம் சிவந்தது. ஆனாலும் விடவில்லை. "எனக்கு ஒன்னே ஒன்னுதான் தெரியணும். இந்தப் பதினாலு நாளும் நீங்க போஸ்ட் 63-க்குப் போனீங்களா, இல்லையா? போனேன்னா இங்க எழுதிக் கையெழுத்து போடுங்க. கேமராவுல கோளாறுன்னு போட்டுக்குறேன்."

அவளே வழி விட்டுக் கொடுத்தாள். நான் எழுதினேன். போனேன், யோகேஸ்வரி.

அவள் அந்தத் தாளை எடுத்துக்கொள்வதற்குள் ரேமண்ட் கைபேசியோடு உள்ளே வந்தார். "வனவிலங்கு ஆபீஸ்லேர்ந்து போன். விடியக்காலைல மூணு யானை ரோட்டக் கடந்து நம்ம பாயா பக்கம் எறங்கிருக்காம். ஆளுங்க இருந்தா கவனம்ன்றாங்க." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "பரவால்ல, வேலி இருக்கு. நம்ம யோகேஸ் இருக்காங்க."

அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே கத்தினேன். பத்தொன்பதாம் பிளாக்கில் கைபேசிக்குச் சிக்னல் கிடையாது, அவர்களை இறக்கிவிட்ட லாரி பதினொரு மணிக்குத்தான் திரும்பப் போகும். "கொஞ்சம் வேலை இருக்கு சார்" என்று என்னவோ உளறிவிட்டு வெளியே ஓடி மோட்டாரை உதைத்தேன். உண்மையைச் சொல்வதைவிட யானையிடம் போவது எனக்கு லேசாகப் பட்டது. அப்படிப்பட்ட ஜென்மம் நான்.

போஸ்ட் 54-இல் நிறுத்தி டெஸ்டரை மாட்டினேன். 6.9 காட்டியது. கொஞ்சம் மூச்சு வந்தது. அதற்கு மேல் பதினெட்டு நாளாக நான் போகாத பாதை. புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. 57 தாண்டினேன், 58 தாண்டினேன். செல்லக்கா, செல்லக்கா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன்.

போஸ்ட் 60-இல் மரம் ஒன்று வேலிமேல் விழுந்து கிடந்தது. காட்டு மரம். கம்பிகள் எல்லாம் அறுந்து தொங்கின. விழுந்து பத்து நாளாவது ஆகியிருக்கும், இலையெல்லாம் காய்ந்து பழுப்பாகிவிட்டது, மேலே கொடிகூடப் படர்ந்திருந்தது. அங்கிருந்து 63 வரைக்கும் கம்பி வெறும் கம்பி, துணி காயப்போடலாம். மரத்தைச் சுற்றி உள்பக்கமாகக் காலடிகள் இருந்தன. சட்டியளவு குழிகள். தண்ணீர் இன்னும் கலங்கலாக நின்றது.

வேலிக்கு உள்பக்கம். எங்கள் பக்கம்.

மோட்டாரை அணைத்துவிட்டேன். சத்தம் போட்டுக்கொண்டு போனால் எது எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியாது. மோட்டாரை அங்கேயே விட்டுவிட்டு நடந்தேன். நடந்தேன் என்றா சொன்னேன், ஒவ்வொரு காலையும் கையால் தூக்கி வைக்காத குறை. செம்பனை மட்டை எங்கேயாவது சரசரத்தால் அப்படியே உட்கார்ந்துவிடுவேன். அப்புறம் எழுந்து நடப்பேன். முருகா என்றேன், மாரியம்மா என்றேன், அபிகெயிலின் கழுத்தில் கிடந்த சிலுவைகூட ஞாபகம் வந்தது.

அவர்கள் போஸ்ட் 63-இல்தான் இருந்தார்கள். பத்து மணித் தண்ணி குடிக்கிற நேரம். நிழலுக்காக வேலி ஓரத்தில் கோணியை விரித்து ஆறு பேரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். செல்லம் முட்டியை நீட்டிப் போஸ்டில் சாய்ந்திருந்தார், கையில் பிளாஸ்க் மூடி நிறையத் தேத்தண்ணி. அவர் தலைக்கு மேலேதான் 63 என்ற உண்மையான தட்டு தொங்கியது. கம்பி ஓரம் என்றால் யானை வராது, அதுதான் பத்திரம் என்று அங்கே போய் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"என்னாடி இப்படி வெளுத்துப் போயிருக்க" என்றார் செல்லம்.

நான் உதட்டில் விரல் வைத்தேன். பக்கத்தில் போய்க் குனிந்து, "வேலி செத்துப் போச்சுக்கா. யானை உள்ள வந்திருக்கு. சத்தம் போடாம எழுந்திரிங்க" என்றேன்.

"வேலி செத்துப் போச்சா? காலைல படம் காட்டுனாங்களே."

"எழுந்திரிங்கக்கா."

இந்தோனேசியப் பெண்களில் ஒருத்தி என் முதுகுக்குப் பின்னால் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. ஆனாலும் திரும்பினேன். நாலாவது வரிசை மரத்துக்கு அந்தப் பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு நகர்ந்தது. அப்புறம் இன்னொன்று. மட்டையைப் பிடுங்கி மெல்லுகிற சத்தம் மெதுவாக, நிதானமாகக் கேட்டது. மூன்றாவது எங்கே என்று தெரியவில்லை.

பொறுக்கி வைத்த பழம், கோணி, தேத்தண்ணி எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஒருத்தர் பின் ஒருத்தராக நடந்தோம். ஓடாதீர்கள் என்று கையால் காட்டினேன். மற்ற ஐந்து பேரும் முன்னால் போய்விட்டார்கள். செல்லத்தால் வேகமாக நடக்க முடியவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வாய்க்காலின் மேல் போட்டிருந்த பலகையில் அவர் கால் வைத்தபோது முட்டி மடங்கியது. பலகை டொக்கென்று அடித்தது. மெல்லுகிற சத்தம் நின்றுவிட்டது.

நாங்களும் நின்றோம். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. செல்லத்தின் மூச்சு என் தோளில் பட்டது. மரங்களுக்கு நடுவில் ஒரு தலை எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. ஒரு காது ஓரம் கிழிந்திருந்ததா என்று பார்க்கக்கூட என்னால் முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். இவரை நான்தான் இங்கே அனுப்பினேன், இவருக்கு என்னவாவது ஆனால் நான் வீட்டுக்குத் திரும்பக்கூடாது என்று மட்டும் நினைத்தேன்.

மறுபடியும் மெல்லுகிற சத்தம் கேட்டது.

செல்லம் என் காதில், "நீ இருந்ததால தப்பிச்சோம்டி" என்றார். "ஒன்ன நெனச்சுத்தான் ஏறி வந்தேன். ஒத்தப் பொம்பளை தெனமும் போவுதே, நாம ஆறு பேர் பயந்தா கேவலம்னு இதுங்களுக்கும் நாந்தான் சொன்னேன்."

யானை மிதித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. அவரைக் கூட்டிக்கொண்டு நடந்தேன்.

செம்மண் ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது லாரியும் ரேமண்டின் ஹைலக்ஸ் வண்டியும் நின்றிருந்தன. அபிகெயிலும் இறங்கி நின்றாள், கையில் நான் கையெழுத்துப் போட்ட தாள். நான் ஓடியதைப் பார்த்ததும் அவள்தான் ரேமண்டையும் லாரியையும் கிளப்பிக் கூட்டிவந்திருக்கிறாள்.

ரேமண்ட் தலைகளை எண்ணினார். ஆறு. நெஞ்சில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். "யோகேஸ், தேங்க் யூ லா. நீங்க போவலன்னா என்ன ஆயிருக்கும்."

அப்படியே விட்டிருக்கலாம். நேற்று இரவு மரம் விழுந்தது என்று சொன்னால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். அபிகெயில் தாளைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். செல்லத்தின் கை இன்னும் என் கையில் இருந்தது.

"நான் போவல சார்" என்றேன்.

"என்னா?"

"பதினெட்டு நாளா அறுவத்து மூணுக்கு நான் போவல. அந்தப் படம் எல்லாம் அம்பத்து நாலுல எடுத்தது. வேற தட்ட மாட்டி ஒரே நாள்ல எடுத்தேன். இந்தப் பொண்ணு கண்டுபுடிச்சு கேட்டப்பவும் பொய் சொன்னேன். வேலி எப்பவோ அறுந்து போச்சு. எனக்குத் தெரியாது, ஏன்னா நான் பாக்கவே இல்ல." செல்லத்தின் பக்கம் திரும்பாமலே மிச்சத்தையும் சொன்னேன். "யானையக் கிட்டத்துல பாத்துட்டேன் சார். பயந்துட்டேன். அதுக்கப்பறம் என்னால போவ முடியல."

ரேமண்ட் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். லாரிக்காரன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இன்னிக்கு காலைல பெரட்டுல பேசுனியே" என்றார் செல்லம். குரல் உயரவில்லை. "அப்பவும் நீ போவலையா?"

"போவலக்கா."

"அப்பவும் ஒனக்கு பயந்தானா?"

"ஆமாக்கா."

"என்னயப் பாத்து சிரிச்ச."

அவர் என் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டார். வெடுக்கென்று பிடுங்கவில்லை, விரல் விரலாக எடுத்துக்கொண்டார். மற்றப் பெண்கள் கை கொடுத்து அவரை லாரியில் ஏற்றினார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. அபிகெயில் அந்தத் தாளை நாலாக மடித்து என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. "வெச்சுக்கம்மா, நான் பொய் சொன்னதுக்கு அதுதான் சாட்சி" என்றேன். அவள் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

லாரி கிளம்பப் போனது. செல்லம் லாரியின் பக்கப் பலகையைத் தட்டி நிறுத்தச் சொன்னார். மேலே இருந்து என்னைப் பார்த்தார்.

"யானையப் பாத்து பயந்தது தப்பில்லடி. எங்க எல்லாருக்கும் பயந்தான். நாளைக்கு விடிஞ்சதும் பெரட்டுக்கு வா. இன்னிக்கு சிரிச்ச அத்தனை பேரும் நிப்பாங்க. இப்ப சொன்னத அங்க சொல்லு. என் பேரச் சொல்லி, செல்லம் பயந்தது சரின்னு சொல்லு."

"சரிக்கா" என்றேன்.

லாரி போய்விட்டது. நான் ரோட்டிலேயே நின்றேன். நாளைக்குப் பெரட்டில் நிற்பதை நினைத்தபோது, பாயாவில் கண்ணை மூடிக்கொண்டு நின்றதைவிடப் பயமாக இருந்தது, அப்படியே செம்மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.